ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக்கால் சூப்பர் பௌலை வெல்ல முடியுமா?

ஊதாக்கொடி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பால்டிமோருக்கு அருகில் பதினொரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த முதல் இலையுதிர் காலத்திலேயே ரேவன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகனாகிவிட்டேன். நெடுநாளாக மனத்தை அரித்துவரும் ஒரு கேள்வியை, இந்த ஆட்டத்தை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருப்பதால், உங்கள் முன் வைக்கிறேன்.

2024 ஜனவரி 28 அன்று நடந்த ஏ.எஃப்.சி. இறுதி ஆட்டத்தை, அதாவது லீகின் ஒரு பாதியின் வெற்றியாளரைச் சூப்பர் பௌல் என்ற கோப்பைக்கான ஆட்டத்துக்கு அனுப்பும் ஆட்டத்தை, நண்பர் ஒருவரின் வீட்டில் இருபது பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காவது குவார்ட்டரின் (கடைசிக் கால்பகுதியின்) தொடக்கத்தில், எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவரான லமார் ஜாக்சன் எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஜே ஃபிளவர்ஸ் கோல் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். கோட்டைத் தொட வேண்டி அவர் கையை நீட்டிய அந்த நொடியில் கான்ஸஸ் சிட்டியின் லஜேரியஸ் ஸ்னீட் பந்தைக் குத்தித் தள்ளினார். பந்து எல்லைக்குள் உருண்டோடி எதிரணியிடம் சேர்ந்தது. ஆட்டத்தை 17-10 என்று நாங்கள் தோற்றபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைப் பார்த்து வருபவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, ஓடுகிற குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு கோப்பை வாங்க முடியாது. அவன் செப்டம்பரில் ஜெயிப்பான், ஜனவரியில் தோற்பான்.”

அன்று எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. 2019-இல் 1,206 யார்டு ஓடி, ஒரு வாக்குகூடச் சிதறாமல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்று, அணியை 14-2 (14 வெற்றி, 2 தோல்வி) என்ற நிலைக்குக் கொண்டுசென்ற அதே ஜாக்சன், பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்திலேயே டென்னஸியிடம் 28-12 என்று தோற்றார். 2023-இல் மீண்டும் அதே விருதைப் பெற்றார். அந்தப் பருவமும் மேலே நான் சொன்ன விதத்தில் முடிந்தது. அடுத்த பருவத்தில் பஃபலோவிடம் 27-25 என்று தோற்றோம். இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது பெரியவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற அச்சம் எழுகிறது. ஆயினும் மனம் ஒப்பவில்லை. பாக்கெட்டுக்குள், அதாவது தடுப்பாளர்கள் சுற்றி அமைக்கும் அரணுக்குள், நின்று எறிபவரால்தான் கோப்பை கிடைக்கும் என்பது வரலாற்றில் நிலைபெற்ற உண்மையா, அல்லது நாம் தோல்விகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சொல்லும் முடிவா? பொறுமையுடன் விளக்க இயன்றவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஆட்டம் எழுதியது:

அன்புள்ள ஊதாக்கொடி அவர்களுக்கு, உங்கள் நண்பர் வீட்டுப் பெரியவரின் வயதை நானும் நெருங்கிவிட்டேன். அவர் சொன்னது போன்ற பேச்சை எழுபதுகளின் இறுதியிலிருந்தே கேட்டு வருகிறேன். அது அன்றைக்கே உண்மையாக இருக்கவில்லை.

ரோஜர் ஸ்டாபக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படைப் பணியை முடித்துவிட்டு 27 வயதில் டாலஸ் அணிக்கு வந்தவர். பாக்கெட் கலைந்ததும் அங்குமிங்கும் நழுவி ஓடுவது அவருடைய இயல்பு. ஒவ்வோர் ஆட்டநகர்வையும் தாமே திட்டமிட்டு அனுப்பும் பயிற்சியாளரான டாம் லாண்ட்ரிக்கு இந்த இயல்பு உவப்பாக இல்லை. 1971-இல் சிகாகோவுக்கு எதிராக ஸ்டாபக்கையும் கிரேக் மார்ட்டனையும் ஒவ்வொரு நகர்வுக்கும் மாற்றி மாற்றி அனுப்பி, அந்த ஆட்டத்தைத் தோற்றார். அதன் பிறகு ஸ்டாபக்கையே நிலையாக நிறுத்தினார். அன்றிலிருந்து டாலஸ் ஓர் ஆட்டத்தைக்கூடத் தோற்காமல் சென்று, மயாமியை 24-3 என்று வீழ்த்திச் சூப்பர் பௌலை வென்றது. இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரும் ஸ்டாபக்கே. ஆறாண்டுகள் கழித்து டென்வரை 27-10 என்று வென்று இரண்டாவது கோப்பையையும் பெற்றார்.

அதே காலத்தில் மினசோட்டாவில் ஃபிரான் டார்கென்டன் இருந்தார். ஓடித் தப்புவதில் ஸ்டாபக்கைவிட வல்லவர் என்றே சொல்வேன். அவர் மூன்று சூப்பர் பௌல்களுக்குச் சென்று மூன்றையும் தோற்றார். அவருடைய தோல்விகளே “ஓடுபவர் வெல்லார்” என்ற பேச்சுக்கு முதல் சான்றாக நெடுங்காலம் காட்டப்பட்டன. ஆனால் 1975 ஜனவரியில் பிட்ஸ்பர்கிடம் 16-6 என்று தோற்ற ஆட்டத்தில் மினசோட்டா அணி முழுவதுமாகச் சேர்ந்து ஓடி எடுத்தது வெறும் 17 யார்டு. பந்தை வாங்கி ஓடுகிறவருக்கு வழியே திறக்காத ஒரு நாளில், பின்னால் நிற்பவரின் கால்களைக் குற்றம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஜான் எல்வேயின் கதை இதைவிடத் தெளிவானது; நான் வேண்டுமென்றே சற்று விரித்துச் சொல்கிறேன். கால்களில் இளமை இருந்த காலத்தில், அதாவது 1986, 1987, 1989 ஆகிய மூன்று பருவங்களில், அவர் டென்வரைத் தம் தோளில் சுமந்து சூப்பர் பௌல் வரை கொண்டுசென்றார். மூன்று முறையும் படுதோல்வி. 1998 ஜனவரியில் 37 வயதில் கிரீன் பேயைச் சந்தித்தார். மூன்றாவது குவார்ட்டர், ஆட்டம் 17-17 என்று சமநிலை, எதிரணியின் 12 யார்டு கோட்டில் மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), ஆறு யார்டு தேவை. எறிய ஆள் கிடைக்கவில்லை. எல்வே பந்தை இறுக்கிக்கொண்டு ஓடினார், முதல் டவுன் கோட்டுக்கு அருகே தலையை முன்னிட்டுத் தாவினார், எதிரே வந்தவர்கள் மோதியதில் காற்றிலேயே பம்பரம்போல் சுழன்று விழுந்தார். எட்டு யார்டு கிடைத்தது. அதைத் தொடர்ந்து ஓட்டக்காரர் டெரல் டேவிஸ் டச் டவுன், அதாவது கோல் கோட்டைக் கடந்து பெறும் ஆறு புள்ளி, அடித்தார். டென்வர் 31-24 என்று வென்றது. அன்று எல்வே எறிந்து எடுத்தது 123 யார்டு மட்டுமே, டச் டவுன் எறிதல் ஒன்றுகூட இல்லை. டேவிஸ் 157 யார்டு ஓடி மூன்று டச் டவுன் எடுத்தார். இளமையில் இல்லாமல் முதுமையில் அவருக்குக் கிடைத்தது அந்த ஓட்டக்காரர்தான். எல்வேயின் கால்களுக்கு அன்று முக்கியமான இடத்தில் வேலை இருந்தது, அங்கே அவை வேலை செய்தன.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டீவ் யங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அவரை மறுப்பவர் யாரும் இல்லை. 1995 ஜனவரியில் சான் டியேகோவை 49-26 என்று வென்றபோது ஆறு டச் டவுன்களை எறிந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆட்டத்தில் இரு அணிகளிலும் மிகுதியான யார்டு ஓடியவரும் அவரே, 49 யார்டு, என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். 2016 பிப்ரவரியில் ஓடும் குவார்ட்டர்பேக்கான கேம் நியூட்டனின் கரோலைனாவை டென்வர் 24-10 என்று வென்றபோது, “பார்த்தீர்களா, பாக்கெட்டில் நிற்கும் பெய்ட்டன் மேனிங்தான் வென்றார்” என்றார்கள். மேனிங் அன்று எறிந்து எடுத்தது 141 யார்டு. நியூட்டனின் கையிலிருந்து இரண்டு முறை பந்தைத் தட்டிப் பறித்தவர் டென்வர் தற்காப்பின் வான் மில்லர்; இரண்டுமே டச் டவுனில் போய் முடிந்தன. தற்காப்பு வென்ற ஒரு கோப்பையை ஒருவரின் பாணிக்குச் சான்றாகவும் மற்றவரின் பாணிக்கு எதிர்ச்சான்றாகவும் எழுதிவைத்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பழைய ஆட்டம் அவர்களின் பதிவை மதிப்புடன் படித்தேன். ஆனால் கேள்வி சற்று இடம் மாறிவிட்டதாக எண்ணுகிறேன். ஸ்டாபக், எல்வே, யங் ஆகிய மூவரும் ஓடத் தெரிந்தவர்கள். அவர்களுடைய அணிகளின் தாக்குதல் அவர்களுடைய ஓட்டத்தின் மேல் கட்டப்படவில்லை. ஊதாக்கொடி கேட்பது ஜாக்சனைப் போன்றவர்களைப் பற்றி, அதாவது குவார்ட்டர்பேக் ஓடுவதே திட்டத்தின் நடுத்தூணாக இருக்கும் அணிகளைப் பற்றி.

அந்த வகையில் கணக்கு இப்படி இருக்கிறது. 1972-இல் சிகாகோவின் பாபி டக்ளஸ் 968 யார்டு ஓடினார், அணி 4-9-1 (கடைசி எண் சமநிலை). 2006-இல் அட்லாண்டாவின் மைக்கேல் விக் 1,039 யார்டு ஓடி, ஆயிரத்தைத் தாண்டிய முதல் குவார்ட்டர்பேக் ஆனார், அணி 7-9. ஜாக்சன் 2019-இலும் 2020-இலும் ஆயிரத்தைத் தாண்டினார். இரண்டு முறையும் சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தைக்கூட அவர் எட்டவில்லை. 2022-இல் சிகாகோவின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 1,143 யார்டு ஓடினார், அணி 3-14. 2014-இல் 849 யார்டு ஓடிய ரஸ்ஸல் வில்சன் மட்டும் இறுதி ஆட்டத்தை எட்டினார். நியூ இங்கிலாந்தின் ஒரு யார்டு கோட்டில் நின்று எறிந்த பந்தை மால்கம் பட்லர் பறித்துக்கொள்ள, 28-24 என்று தோற்றார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் கோப்பை வென்றபோது ஓடியது 539 யார்டு. இறுதி ஆட்டத்தில் 43-8 என்ற வெற்றிக்குக் காரணம் சியாட்டிலின் தற்காப்பு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

உடல் என்ற ஒன்றும் இருக்கிறது. 2012-இல் வாஷிங்டனுக்காக 815 யார்டு ஓடி அனைவரையும் வியக்கவைத்த ராபர்ட் கிரிஃபின், டிசம்பரில் ஓடும்போது முழங்காலில் அடிபட்டு, ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அதே கால் மடங்கி விழுந்தார். பழைய கிரிஃபினை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கோப்பைக்கான ஆட்டங்கள் பருவத்தின் கடைசியில் வருகின்றன. அதுவரை நூற்றைம்பது முறை ஓடி, நூற்றைம்பது முறை அடி வாங்கியவர், எவ்வளவு வலியவராயினும், செப்டம்பரில் இருந்த அதே மனிதராக இருக்க முடியாது. அந்தப் பெரியவர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

வலது டேக்கிள் எழுதியது:

நான் நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி அணிக்காக லைன்மேனாக ஆடியவன். இப்போது அதே வட்டாரத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். இரு தரப்பு வாதங்களும் யார்டுகளின் எண்ணிக்கையிலேயே நிற்பதால், களத்துக்குள் நடப்பதை முன்வரிசையில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சிறிது சொல்ல அனுமதிக்க வேண்டும்.

களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு நின்று பார்த்தால், தாக்கும் அணியில் பந்து வைத்திருப்பவருக்காகத் தடுக்க ஒன்பது பேரே மிஞ்சுகிறார்கள். எதிரே பதினொருவர் இருக்கிறார்கள். குவார்ட்டர்பேக்கும் ஓடக்கூடியவர் என்றால், எதிரணி அவருக்காக ஒருவரை ஒதுக்கியாக வேண்டும். ஸோன் ரீட் என்ற நகர்வு முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. என்னைப் போன்ற டேக்கிள் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுப்பவர்) தமக்கு எதிரே நிற்கும் முனை வீரரான டிஃபென்சிவ் எண்டைத் தொடாமலே விட்டுவிட்டு உள்பக்கம் போய்விடுவார். அந்த எண்டுக்கு முதல் நொடியில் ஒரு மகிழ்ச்சி உண்டாகும், யாரும் தடுக்கவில்லையே என்று. குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றோடு பொருத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் அந்த எண்டின் இடுப்பில் வைத்திருப்பார். அவர் உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். அவர் நின்ற இடத்தில் நின்றால் பந்தை விட்டுவிடுவார். தொடப்படாத ஒருவர் இப்படித் தாமாகவே ஆட்டத்திலிருந்து விலக்கப்படுகிறார். குவார்ட்டர்பேக் அந்த நகர்வில் ஓர் அடிகூட ஓடாமல் இருக்கலாம். அவருடைய கால்களின் பயன் ஓட்டக்காரரின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். கணக்குப்பிள்ளை அவர்களின் எண்கள் சரியானவை. ஆனால் இந்தப் பயன் அந்த எண்களுக்குள் வருவதில்லை.

இனி ஜனவரியில் மாறுவது என்ன என்பது. நல்ல தற்காப்புப் பயிற்சியாளர்கள் பிளேஆஃபில் தங்கள் முனை வீரர்களைக் குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பாய விடுவதில்லை. அவரை நான்கு பக்கமும் வேலி போட்டதுபோல் மெல்ல நெருக்கி, ஒருவரை அவருடைய அசைவை மட்டும் பார்க்கும் காவலாக நிறுத்தி, “இங்கேயே நின்று எறிந்து பார்” என்று கட்டாயப்படுத்துகிறார்கள். அப்போது அவர் எறிந்து வெல்லக்கூடியவராக இருக்க வேண்டும். கால் மட்டும் இருப்பவர் இந்த வேலிக்குள் திணறுவார். கால்களோடு கையும் இருப்பவரிடம் எதிரணிக்குத் தப்ப வழியில்லை.

இதற்கு என் கண் முன் நிற்கும் சான்று, 2024 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான சூப்பர் பௌலின் கூடுதல் நேரம். கான்ஸஸ் சிட்டி 22-19 என்று பின்தங்கியிருக்கிறது. தன் 34 யார்டு கோட்டில் நான்காவது டவுன், ஒரு யார்டு வேண்டும். எடுக்காவிட்டால் பருவமே முடிந்துவிடும். பேட்ரிக் மஹோம்ஸ் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வலப்பக்கம் எட்டு யார்டு ஓடினார். சற்று நேரத்தில் மூன்றாவது டவுனில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது மீண்டும் 19 யார்டு ஓடினார். அதன் பின்னர்தான் மெக்கோல் ஹார்ட்மனுக்கு அவர் எறிந்த மூன்று யார்டு டச் டவுனும் 25-22 என்ற வெற்றியும். கான்ஸஸ் சிட்டிக்காக அன்று மிகுதியாக ஓடியவர் மஹோம்ஸ்தான், 66 யார்டு. அதற்கு முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரே, முதல் பாதியிலேயே கணுக்கால் மீண்டும் பிசகி நொண்டிக்கொண்டிருந்த அதே மனிதர், ஆட்டம் 35-35 என்று இருந்தபோது 26 யார்டு ஓடி பந்தை உதைத்துப் பெறும் வெற்றிக்கான ஃபீல்டு கோலுக்கு வழி செய்தார். அவரை யாரும் ஓடும் குவார்ட்டர்பேக் என்று சொல்வதில்லை. வென்றுவிட்டதனால் அவரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

காயத்தைப் பற்றி ஒரு சொல். ஸ்டீவ் யங்கின் ஆட்டவாழ்வை முடித்த அடி 1999 செப்டம்பரில் அரிசோனாவில் விழுந்தது. அப்போது அவர் ஓடிக்கொண்டிருக்கவில்லை. பாக்கெட்டில் நின்று எறிந்துகொண்டிருந்தார், தடுக்கப்படாமல் ஓடிவந்த ஒருவர் அவர்மேல் மோதினார். ஓடுபவர் அடி வருவதைப் பார்த்து, சறுக்கித் தரையில் அமர்ந்து தப்பலாம். எறிபவரின் கண்கள் நாற்பது யார்டு தூரத்தில் இருக்கின்றன.

ஊதாக்கொடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. வலது டேக்கிள் அவர்கள் சொன்ன வேலியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் நோக்கம் என்ன என்று இன்றுதான் விளங்கியது. ஒரு ஐயம் மட்டும் எஞ்சுகிறது. 2013 பிப்ரவரியில் நம் ரேவன்ஸ் வென்ற சூப்பர் பௌலில் எதிரே இருந்தவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓடும் குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கிரீன் பேக்கு எதிராக 181 யார்டு ஓடியிருந்தார். இறுதி ஆட்டத்தில் 34-29 என்று பின்தங்கிய நிலையில், ஏழு யார்டு கோட்டில் நான்கு வாய்ப்புகள் அவருக்குக் கிடைத்தன. முதலாவது ஓட்டக்காரரின் இரண்டு யார்டு. மற்ற மூன்றும் மைக்கேல் கிராப்ட்ரீக்கு எறிந்து வீணானவை. அன்று நான் இந்த நாட்டுக்கே வந்திருக்கவில்லை. பிறகு அந்த ஆட்டத்தின் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முறையாவது கேப்பர்னிக்கை ஓடவிட்டிருந்தால் கோப்பை பால்டிமோருக்கு வந்திருக்காது என்றே ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. அப்படியானால், பயிற்சியாளர்களே கடைசி நேரத்தில் இந்தக் கால்களின் மேல் நம்பிக்கை இழந்துவிடுகிறார்களா?

பிராட் தெரு எழுதியது:

ஃபிலடெல்ஃபியாவில் முப்பது ஆண்டுகளாக இருப்பவன் நான். நீங்கள் கேட்கும் இந்தக் கேள்வியோடு நாற்பது ஆண்டுகளாக வாழும் ஊர் இது. ராண்டல் கன்னிங்ஹாம், டானவன் மக்நாப், மைக்கேல் விக், ஜேலன் ஹர்ட்ஸ் என்று இங்கே வந்தவர்கள் எல்லாரும் ஓடத் தெரிந்தவர்கள். கன்னிங்ஹாமை மலைபோல் நம்பியிருந்த பயிற்சியாளர் பட்டி ரயன், 1988 முதல் 1990 வரை மூன்று பிளேஆஃப் ஆட்டங்களுக்குச் சென்று மூன்றிலும் தோற்றார். மக்நாப் தொடர்ந்து நான்கு முறை லீகின் மறுபாதியான என்.எஃப்.சி.யின் இறுதி ஆட்டத்துக்குச் சென்று, ஒருமுறை மட்டுமே தாண்டி, நியூ இங்கிலாந்திடம் 24-21 என்று தோற்றார்.

2017-இல் நடந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு எதிரே எங்கள் குவார்ட்டர்பேக் கார்ஸன் வென்ட்ஸ் கோல் கோட்டை நோக்கி ஓடித் தாவினார். இரண்டு பக்கமிருந்தும் வந்தவர்களுக்கு நடுவில் நசுங்கினார். அந்த டச் டவுனும் தவறு ஒன்றினால் செல்லாமல் போயிற்று. முழங்கால் தசைநார் அறுந்த நிலையில், அது தெரியாமலே, மேலும் சில நகர்வுகள் ஆடி ஒரு டச் டவுன் எறிந்துவிட்டுத்தான் வெளியே நடந்து போனார். எங்கள் ஊரின் முதல் சூப்பர் பௌலை அவருக்குப் பதிலாக வந்த நிக் ஃபோல்ஸ் வென்றார், பாக்கெட்டில் நிற்பவர். கணக்குப்பிள்ளை அவர்களின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஹர்ட்ஸ் வந்தார். 2023 பிப்ரவரியில் வலது டேக்கிள் குறிப்பிட்ட அதே ஆட்டத்தில் 304 யார்டு எறிந்து, 70 யார்டு ஓடி, மூன்று டச் டவுன்களை ஓடியே எடுத்து, டச் டவுனுக்குப் பின் வரும் கூடுதல் வாய்ப்பில் 35-35 என்று சமமாக்கிய இரண்டு புள்ளிகளையும் தாமே ஓடிச் சேர்த்தார். இரண்டாவது குவார்ட்டரில் யாரும் தொடாமலே அவருடைய கையிலிருந்து நழுவிய பந்தைக் கான்ஸஸ் சிட்டியின் நிக் போல்டன் எடுத்துக்கொண்டு 36 யார்டு ஓடி டச் டவுன் ஆக்கிய அந்த ஒன்று இல்லாவிட்டால், கோப்பை எங்களுடையது. 38-35 என்று தோற்ற அன்றிரவு பிராட் தெருவில் நடந்து வீடு திரும்பியபோது, ஹர்ட்ஸ் தோற்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து நியூ ஆர்லியன்ஸில் அதே கான்ஸஸ் சிட்டி. எங்கள் ஓட்டக்காரர் சேக்வான் பார்க்லி அந்தப் பருவத்தில் 2,005 யார்டு ஓடியிருந்தார். ஆகவே எதிரணி அவரை அடைத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அடைத்தார்கள், 57 யார்டு மட்டுமே அவருக்குக் கிடைத்தது. அதனால் திறந்துபோன வழிகளில் ஹர்ட்ஸ் 72 யார்டு ஓடினார், சூப்பர் பௌலில் ஒரு குவார்ட்டர்பேக் அதுவரை ஓடியதில் அதுவே மிகுதி. 22 முறை எறிந்து 17 முறை சேர்த்தார். 40-22 என்று வென்றோம். ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. எங்கள் தற்காப்பு மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது என்பதும் உண்மை. பார்க்லியை அடைத்தால் ஹர்ட்ஸ், ஹர்ட்ஸை அடைத்தால் பந்து பிடிப்பவர்களான ஏ.ஜே. பிரவுனும் டிவான்டா ஸ்மித்தும் என்று எதிரணிக்கு ஓய்வே தராத அணி அது.

ஊதாக்கொடியின் ஐயத்துக்கு வருகிறேன். நம்பிக்கை இழப்பு இருக்கிறது; அதற்கு வேரும் இருக்கிறது. 1978-இல் வாரன் மூன், ரோஸ் பௌலின் சிறந்த ஆட்டக்காரராக இருந்தும், என்.எஃப்.எல். என்ற இந்த லீகின் அணி எதுவும் தேர்ந்தெடுக்காமல், வேறு இடத்தில் ஆடச் சம்மதிக்க மாட்டேன் என்று கனடாவுக்குப் போனார். எட்மன்டனில் தொடர்ந்து ஐந்து முறை கனடா லீகின் கிரே கோப்பையை வென்ற அணியில் இருந்தார். கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளிடம் “உனக்குக் கால் நன்றாக இருக்கிறது, பந்து பிடிக்கும் இடத்துக்குப் போ” என்று சொல்லும் வழக்கம் அவரோடு முடியவில்லை. 2018-இல் லமார் ஜாக்சனுக்கும் அது சொல்லப்பட்டது, முதல் சுற்றின் கடைசி ஆளாக 32-ஆவது இடத்தில்தான் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கால்களைப் புகழ்வதுபோலக் கையையும் அறிவையும் குறைத்து மதிப்பிடும் பேச்சு இது. உங்கள் பெரியவர் அந்த எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்ன வாக்கியம் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிராட் தெரு அவர்கள் தமக்கு எதிரான சான்றையும் மறைக்காமல் வைத்ததற்கு வணங்குகிறேன். ஹர்ட்ஸை என் முதல் பதிவில் சேர்க்காதது என் பிழை. ஆயினும் 2024 பருவம் முழுவதிலும் அவர் ஓடியது 630 யார்டு. பெரும்பாலான சுமையைப் பார்க்லி தாங்கியதால்தான் பிப்ரவரியில் அவருடைய கால்களில் 72 யார்டு மிச்சம் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். பருவம் முழுவதும் ஆயிரம் யார்டு ஓடுபவர் வேறு, தேவைப்படும் நாளுக்காகக் கால்களைச் சேர்த்துவைப்பவர் வேறு என்ற என் பிரிவினையை இதுவரை யாரும் உடைக்கவில்லை.

வலது டேக்கிள் எழுதியது:

உடைக்க விரும்பவில்லை, அதை ஏற்கிறேன். அதனால்தான் ஊதாக்கொடி மேலே குறிப்பிட்ட 17-10 ஆட்டத்தில் எனக்கு வருத்தம் ஃபிளவர்ஸின் மேல் இல்லை. அந்தப் பருவத்தில் ஓட்டத்தில் லீகிலேயே முதலிடம் ரேவன்ஸுக்கு. அப்படிப்பட்ட அணி, ஆட்டம் ஒருபோதும் கைமீறிப் போகாத ஒரு நாளில், ஓட்டக்காரர்களிடம் பந்தைக் கொடுத்தது ஆறே முறை. ஜாக்சனிடம் 37 முறை எறியச் சொன்னார்கள். எதிரணி வேலி போட்டு “எறிந்து பார்” என்றது. இவர்களும் சரி என்று எறிந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஓட்டக்காரர் டெரிக் ஹென்றி ரேவன்ஸுக்கு வந்து 1,921 யார்டு ஓடினார். ஜாக்சனின் ஓட்டமும் 915 யார்டோடு நின்றது, அவருடைய எறிதல் 4,172 யார்டுக்கு உயர்ந்தது, 41 டச் டவுன்கள். கணக்குப்பிள்ளை கேட்கும் பங்கீடு அதற்குள் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பஃபலோவில் பனிக்குளிரில் தோற்ற அந்த ஆட்டத்தை மீண்டும் போட்டுப் பாருங்கள். ஜாக்சன் ஒரு பந்தை எதிரணிக்கு எறிந்தார், ஒன்றை நழுவவிட்டார், மார்க் ஆண்ட்ரூஸ் ஒன்றை இழந்தார். பஃபலோ ஒன்றையும் இழக்கவில்லை. அப்படியிருந்தும் கடைசி ஒன்றரை நிமிடத்தில் 27-25 வரை வந்து, சமமாக்க வேண்டிய இரண்டு புள்ளிக்கான பந்தை ஜாக்சன் எறிந்தார். அது கோல் கோட்டுக்குள் ஆண்ட்ரூஸின் இரண்டு கைகளிலும் பட்டு, ஈரத்தில் வழுக்கித் தரையில் விழுந்தது.